கரையான்சாவடியிலிருந்து கொலோனுக்கு, இரண்டாம் முறை

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சாவடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி. வழிப்போக்கர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டி, சோறு பொங்கித் தின்று, படுத்து எழுந்து போன இடங்கள். இன்று சாவடி இல்லை, பெயர் இருக்கிறது. கரையான்சாவடி முனையில் நிற்பவர்கள் தங்குவதற்காக நிற்பதில்லை. ஆவடி பஸ்ஸுக்கோ போரூர் பஸ்ஸுக்கோ நிற்கிறார்கள். கலங்கரை விளக்கத்தில் தொடங்கிப் பூந்தமல்லி வரை நீளும் மெட்ரோ தடத்தின் தூண்கள் அவர்கள் தலைக்கு மேலே வரிசைகட்டி நிற்கின்றன.

அந்த முனையில் ஓர் இரவு பத்து மணிக்குப் பெட்டியோடு வாடகைக் காருக்குக் காத்திருந்தார் ஐம்பது வயதைத் தாண்டிய நீர்ப்பொறியாளர் ஒருவர். தேநீர்க் கடைக்காரருக்கு அவரைப் பல வருடங்களாகத் தெரியும்.

"என்ன சார், பெட்டியோட? பையனைப் பாக்கவா?"

"இல்லப்பா. ஜெர்மனி. நான் படிச்ச காலேஜுல கூப்பிட்டிருக்காங்க."

"இந்த வயசுல மறுபடியும் பரிட்சையா சார்?"

கேலிதான். ஆனால் கேள்வியில் விஷயம் இருந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் படித்து முடித்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, மொழியைப் பாதி மறந்தும் போன ஒருவரை அந்த நாடு எதற்காகத் திரும்பக் கூப்பிடுகிறது?

ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை, சுருக்கமாக டி.ஏ.ஏ.டி., 1925-ல் ஹைடல்பெர்க்கில் தொடங்கியது. இப்போது தலைமையிடம் பான் நகரம். டெல்லியில் 1960-லேயே கிளை திறந்துவிட்டார்கள். உதவித்தொகை கொடுத்து மாணவர்களை அழைப்பதைப் பல நாடுகள் செய்கின்றன. ஜெர்மானியர்களின் தனிப்பழக்கம் அதற்குப் பிறகு வருவது. பழைய உதவித்தொகைக்காரர்களை ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆய்வுக்காகத் திரும்ப அழைக்கும் திட்டம் ஒன்று உண்டு. இன்னொன்றில், வளரும் நாடுகளுக்குத் திரும்பிப் போய் வேலை பார்க்கிற பழைய மாணவர்களை ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகம் சில நாள் பயிற்சிக்கு வரவழைக்கும். பயிற்சியோடு சேர்த்துப் பெரிய வர்த்தகக் கண்காட்சி ஒன்றுக்கும் கூட்டிப்போகும். மருத்துவம் என்றால் டுசல்டார்ஃபின் மெடிகா, தண்ணீர், கழிவு என்றால் மியூனிக்கின் ஐஃபாட். ஆராய்ச்சியாளர்களை அழைக்கும் ஹம்போல்ட் அறக்கட்டளையோ, ஒருமுறை உள்ளே வந்தவரை ஆயுள் முழுக்கத் தன் உறுப்பினராகவே எண்ணுகிறது.

இது தர்மம் இல்லை. அப்படி யாரும் சொல்வதும் இல்லை. கழிவுநீர் நிலையத்துக்கு பம்ப் வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த நாட்டில் படித்தார் என்பது பம்ப் விற்பவருக்கு முக்கியம். கண்காட்சியைப் பயிற்சியோடு கோத்தவர்களுக்குக் கணக்குத் தெரியும். கணக்கு வெளிப்படையாக இருப்பதால் குறை சொல்லவும் தோன்றவில்லை.

கார் வந்தது. கரையான்சாவடியிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் சாலை காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர், ராமாபுரம், நந்தம்பாக்கம் என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டே கத்திப்பாராவில் முடியும். கத்திப்பாராவில் வலது பக்கம் இறங்கினால் விமான நிலையம். இடது பக்கம் கிண்டி வழியாகப் போனால், தமிழ்நாட்டில் ஜெர்மனி விட்டுச்சென்ற தடங்களிலேயே பெரியது: சென்னை ஐ.ஐ.டி. நேருவின் 1956 ஜெர்மனிப் பயணத்தில் பேச்சு எழுந்து, 1959 ஜூலை 31 அன்று மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் தொடங்கிவைத்த நிறுவனம். மேற்கு ஜெர்மனி இயந்திரங்களை அனுப்பியது, பேராசிரியர்களையும் பட்டறை ஆசான்களையும் அனுப்பியது, இங்கிருந்த ஆசிரியர்களை அங்கே பயிற்சிக்கு அழைத்தது. 1973-ல் ஐ.பி.எம். 370/155 என்ற, ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் கணினியையும் கொடுத்தது. வளர்ந்த பிறகும் உறவு அறுந்துவிடவில்லை. நீர், ஆற்றல், கழிவு போன்றவற்றை ஆராயும் இந்திய-ஜெர்மன் நிலைத்தன்மை மையம் 2010-ல் இதே வளாகத்தில்தான் தொடங்கியது.

சென்னையின் மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு ஜெர்மனி ஐ.ஐ.டி. மதிலுக்குள் மட்டும் இருக்கும் சங்கதியும் அல்ல. ஆவடியில் வடிவமைத்து ஆவடியிலேயே கட்டும் அர்ஜுன் பீரங்கி வண்டியின் வயிற்றில் இருப்பது எம்.டி.யு. என்ற ஜெர்மன் நிறுவனத்தின் இன்ஜின். ஒரகடத்தில் 2012 முதல் பாரத்பென்ஸ் லாரி தயாராகிறது. பூந்தமல்லியிலிருந்து கம்பெனி பஸ் ஏறி அந்தப் பக்கம் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு ஜெர்மனி தூரதேசம் அல்ல, சம்பளச் சீட்டு.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு பையன். பொறியியல் முடித்துவிட்டு முதல்முறை போகிறான். கைப்பையில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் இருந்தன. அவனைவிட அவன் அம்மா தயாராக இருந்திருக்கிறார். முதல் ஒரு மணி நேரம் அவன் பேசியது முழுக்கக் காகிதங்களைப் பற்றி. இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பரிலிருந்து விசாவுக்குக் கட்டாயம். ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அதை மாதாமாதம்தான் எடுக்கலாம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்று ஊரில் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை எட்டிப்பிடிப்பதற்குள் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போய்விடுகிறது. 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்தியர்கள் 49,483 பேர். சீனர்களை முந்தி முதலிடம்.

பொறியாளர் போன காலத்தில் இந்தியர்கள் கூட்டமாகப் போகவில்லை. அவர் உதவித்தொகையில் போனவர்; பணத்துக்குக் கவலைப்படவில்லை, குளிருக்கு மட்டும் கவலைப்பட்டார். பையனுக்கு அவர் ஒரே ஒரு யோசனை சொன்னார்: "ஜெர்மன் நல்லா கத்துக்கோ தம்பி. வகுப்புல இங்கிலீஷ் போதும். கேன்டீன்ல போதாது."

ஃப்ராங்ஃபர்ட் விமான நிலையத்தை ஒட்டியே நெடுந்தூர ரயில் நிற்கிறது. 2002-ல் திறந்த அதிவேகப் பாதையில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டிக் கொலோனில் இறக்கிவிடும். ரயில் நேரம் தவறாத நாடு என்ற பழைய புகழை மட்டும் இப்போது நம்ப வேண்டாம். அன்றைக்கும் தாமதம்தான். நடைமேடையில் ஜெர்மானியர்கள் சலித்துக்கொண்டதைக் கேட்டபோது அரக்கோணம் மின்தொடர் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் நினைவு வந்ததாக அவர் பிறகு சொன்னார்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். 1248-ல் தொடங்கி 1880-ல் கட்டி முடித்த பேராலயம், 157 மீட்டர் உயரம். ரைன் நதியின் மறுகரையில் டாய்ட்ஸ் பகுதியில் அவர் படித்த கல்லூரி. வெப்பமண்டல நாடுகளின் நீர், நில வளங்களை மேலாண்மை செய்வதற்கென்றே அங்கே ஒரு துறை உண்டு. அவர் சான்றிதழில் 'ஃபாக்ஹோக்ஷூலே' என்று இருக்கும். 2015-ல் நிறுவனம் 'தெக்னிஷே ஹோக்ஷூலே' என்று பெயரை மாற்றிக்கொண்டது. இனி அவர் எங்கே சான்றிதழைக் காட்டினாலும் இரண்டும் ஒன்றுதான் என்று விளக்க வேண்டியிருக்கிறது. பூவிருந்தவல்லிக்காரர் பூந்தமல்லி முகவரிக்குச் சொல்கிற விளக்கம்தான்.

முதல்முறை வந்தபோது அவர் வகுப்பில் கடைசி வரிசை. சொன்னதை எழுதிக்கொண்டார். இந்த முறை முதல் நாளே அவரைப் பேசச் சொன்னார்கள். அவர் கொண்டுபோயிருந்தது கூவம்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் பஸ் பருத்திப்பட்டில் கூவத்தைத் தாண்டும். அந்தப் பாலத்திலிருந்து எடுத்த படங்களைத்தான் காட்டினார். மழைக்காலத்தில் எடுத்ததில் கரை முட்டிய தண்ணீர். கோடையில் எடுத்ததில் ஒரு கறுப்புக் கோடு. இரண்டும் ஒரே ஆறு என்பதை அவையிலிருந்தவர்கள் நம்பச் சற்று நேரம் பிடித்தது. கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றுத் தண்ணீரைப் பெற்று, ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் செம்பரம்பாக்கம் ஏரிக்கு ஒரு பங்கைப் பிரித்துக்கொடுத்து, திருவேற்காடு, மதுரவாயல் வழியாக நேப்பியர் பாலத்தருகே கடலில் சேரும் ஆறு என்று அவர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். நகரத்துக்குக் குடிதண்ணீர் பிரித்துக்கொடுத்துவிட்டு நகரத்தின் சாக்கடையை வாங்கிக்கொள்ளும் ஆறு.

மறுநாள் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி எம்ஷர் ஆற்றுக்குக் கூட்டிப்போனார்கள். இந்தப் பயணத்தின் கனமான பகுதி இதுதான்.

எம்ஷர் பெரிய ஆறு அல்ல. டார்ட்முண்டுக்குக் கிழக்கே பிறந்து, ரூர் தொழிற்பகுதியை ஊடுருவி, டின்ஸ்லாகனில் ரைனில் கலக்கும். எண்பது கிலோமீட்டர் சொச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதன் கரை முழுக்க நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையும். கழிவுநீரைக் குழாயில் கொண்டுபோக வழியில்லை, ஏனென்றால் நிலக்கரியைத் தோண்டத் தோண்டத் தரை உள்வாங்கியது. பூமிக்கடியில் போட்ட குழாய் உடைந்துவிடும். ஆகவே ஆற்றையே நேராக வெட்டி, காங்கிரீட் பலகை பதித்து, திறந்த சாக்கடையாக்கிவிட்டார்கள். நூறு வருடம் அப்படியே ஓடியது. வேலி போட்டு, உள்ளே விழுந்தால் ஆபத்து என்று பலகை வைத்தார்கள். உள்ளூர் மக்கள் அத்தகைய ஓடைகளுக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'புழுக்கை ஓடை' என்று வரும்.

சுரங்கங்கள் மூடியபின் தரை அசைவது நின்றது. 1992-ல் வேலை தொடங்கியது. டார்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாகன் வரை 51 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமிக்கடியில் பெருங்குழாய். சில இடங்களில் நாற்பது மீட்டர் ஆழம். கழிவுநீர் அதில் இறங்கியது, ஆறு தன் தண்ணீரோடு மேலே நின்றது. 2021 முடிவில் எம்ஷரில் கழிவுநீர் கலப்பது முற்றிலும் நின்றது. முப்பது வருடம், சுமார் 550 கோடி யூரோ.

டார்ட்முண்டின் ஹெர்டே பகுதியில் அவர்கள் இறங்கிய இடத்தில் ஓர் ஏரி இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் அங்கே இருந்தது ஏரி அல்ல, உருக்காலை. ஆலையைச் சீனர்கள் விலைக்கு வாங்கி, ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். மிச்சமிருந்த பள்ளத்தில் 2010 அக்டோபரில் தண்ணீர் விட்டார்கள். பக்கத்திலேயே எம்ஷர், முழங்கால் ஆழத்தில், அடியில் கூழாங்கல் தெரிய ஓடியது. ஒரு கிழவர் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பொறியாளர் படம் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊருக்கு வந்ததும், "இதை நாமளும் செய்யலாமே" என்றுதான் எல்லாரும் சொல்லப்போகிறார்கள். அவருக்கு அது அத்தனை லேசாகப் படவில்லை. ரூர் பகுதியில் மழை வருடம் முழுக்கத் தூறும். சாக்கடையை எடுத்துவிட்டாலும் எம்ஷரில் ஆறு மிஞ்சும். கூவத்தில் வருடத்தின் மழை அத்தனையும் சில வாரங்களில் கொட்டி முடிந்துவிடுகிறது. சாக்கடையை முழுதாக எடுத்தால் ஏப்ரலில் மணல்தான் மிஞ்சும். சுத்திகரித்த தண்ணீரையே திரும்ப ஆற்றில் விட வேண்டியிருக்கும். குழாயின் வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து பயனில்லை.

கொண்டுவரக்கூடியது வேறொன்று. எம்ஷரைப் பராமரிப்பது எந்த அரசுத் துறையும் அல்ல. 1899-ல் தொடங்கிய ஒரு கூட்டுறவு. ஆற்றுப்படுகையில் இருக்கும் நகரங்கள், சுரங்கங்கள், ஆலைகள் அனைத்தும் சட்டப்படி அதன் உறுப்பினர்கள். அழுக்கு விடுகிறவர் பங்குப்பணம் கட்ட வேண்டும். ஆறு எந்த ஊரில் ஓடினாலும் கேள்வி கேட்க ஒரே கதவு. கூவத்துக்கு எத்தனை கதவுகள் என்று அவர் பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்: நீர்வளத் துறை, திருவள்ளூர் மாவட்டத்தின் ஊராட்சிகள், பூந்தமல்லி, திருவேற்காடு நகராட்சிகள், 2019-ல் மாநகராட்சியான ஆவடி, சென்னை மாநகராட்சி, குடிநீர் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை. விரல்கள் தீரும் நேரத்தில் பஸ் நின்றது.

கொலோனுக்குத் திரும்பிய மாலையில் பயிற்சித் திட்டத்தில் இல்லாத ஒரு வேலையாக அவர் ஊருக்குள் போனார். கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கிறது. ஐரோப்பாவின் பெரிய தமிழ் நூல் சேகரிப்புகளில் ஒன்று அங்கேதான். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனைக் கணினியில் ஏற்றி உலகத்துக்குத் திறந்துவைத்ததும் கொலோன்தான். வேளச்சேரியில் உட்கார்ந்து ஒரு பழந்தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் தேடியவர்கள் பல வருடம் கொலோன் கணினியைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துறையே நிதியில்லாமல் மூடும் நிலைக்கு வந்து, தமிழ்நாடு அரசு 1.25 கோடி ரூபாய் கொடுக்க முன்வந்த கதையும் உண்டு. தண்ணீர்க்காரரை விருந்தாளியாக்கத் தயங்காத நாடு தமிழ் வாத்தியாருக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறது. நாமும் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் பணத்தோடு ஓடினோம். இரு தரப்பையும் குறை சொல்ல இடம் இருக்கிறது.

கண்காட்சிக்கு முந்தைய ஞாயிறு விடுமுறை. மற்றவர்கள் ஆம்ஸ்டர்டாம் பக்கம் போனார்கள். அவர் கிழக்கே ரயிலேறி ஹாலேக்குப் போனார்.

ஹாலேயில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1698-ல் எழுப்பிய அநாதை இல்லமும் பள்ளிகளும் இன்றும் நிற்கின்றன. இல்லத்தின் மேல்மாடத்தில் அபூர்வப் பொருட்களின் அறை: சுமார் 3,000 பொருட்கள், பழைய கண்ணாடி அலமாரிகளில். தரங்கம்பாடியிலிருந்து போனவையும் அதில் உண்டு. ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஹாலேயில் படித்த சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியது நம் பள்ளிப் புத்தகங்களில் இருக்கிறது. அவர் 1714-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது கூடவே மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கப்பலேறினார் என்பது அவ்வளவாக வெளியே தெரியாது. சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் லத்தீனில் 1716-ல் ஹாலேயில் அச்சானது. அந்த நகரத்துத் தெருக்களில் தமிழ் பேசியபடி நடந்தவர் மலையப்பன். ஜெர்மனிக்குப் போன இந்தியர் வரிசையில் 49,483 பேருக்கெல்லாம் முன்னோடி, முடக்கக் கணக்கு இல்லாமல் போனவர்.

பொறியாளருக்கு அங்கே மிகவும் பிடித்தது அச்செழுத்துக் கதை. தரங்கம்பாடியிலிருந்து தமிழ் எழுத்துகளை வரைந்து ஹாலேக்கு அனுப்பினார்கள். தமிழே தெரியாத கைவினைஞர்கள் அவற்றை ஈயத்தில் வார்த்து அனுப்பினார்கள். 1713-ல் கப்பலில் வந்து சேர்ந்த எழுத்துகள் பூசணிக்காய் அளவு என்று சொல்லாவிட்டாலும், கையிருப்புக் காகிதத்துக்கு ரொம்பப் பெரியவை. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அடித்தால் காகிதம் பாதியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே தரங்கம்பாடியிலேயே உருக்கிச் சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். ஈயம் போதாமல், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளையும் உருக்கியதாகச் சொல்வார்கள். புதிய ஏற்பாடு அந்தச் சின்ன எழுத்தோடுதான் 1715-ல் முடிந்தது. எம்ஷர் குழாயைப் பற்றித் தான் நினைத்ததை முந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே யாரோ தரங்கம்பாடியில் செய்துகாட்டியிருக்கிறார்கள் என்று அவர் சிரித்துக்கொண்டார்.

மியூனிக் கண்காட்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கால் வலித்தது. பைநிறையக் கையேடுகள். மூன்று பேர் பம்ப் விற்கப் பார்த்தார்கள்.

ஜெர்மனியில் படித்துவிட்டு அம்பத்தூரிலும் ஆவடியிலும் திருமழிசையிலும் வேலை பார்ப்பவர்களில் பலருக்கு இந்தத் திரும்ப அழைக்கும் திட்டங்கள் இருப்பதே தெரியாது. டி.ஏ.ஏ.டி. உதவித்தொகையில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். கிழக்கு ஜெர்மனி என்ற நாடு இருந்த காலத்தில் அங்கே ஒரு வருடமாவது படித்தவர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. லைப்சிக்கில் ஜெர்மன் கற்றுக்கொண்டு ட்ரெஸ்டனில் படித்தவர்களின் நாடுதான் இல்லாமல் போனது, உரிமை போகவில்லை. கேட்பது ஆய்வுத் திட்டமும் அங்குள்ள ஒரு பேராசிரியரின் அழைப்பும்தான். பீரோவில் மடித்து வைத்திருக்கும் பழைய உதவித்தொகைக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பொறியாளர் திரும்பிய வாரத்தில் நான்கு பக்க அறிக்கை ஒன்று எழுதினார். எம்ஷர் என்ற பெயர் அதில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. மீதியெல்லாம் ஒரு பட்டியல்: கூவத்தில் வந்து விழும் வாய்க்கால்கள், ஒவ்வொன்றும் யாருடைய பொறுப்பு, யாருடையது என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளாதவை எவை. முதல் வரியில் இருப்பது பருத்திப்பட்டுப் பாலம்.